‘இட் இஸ் மீ’க்கு ஒரு மார்க்

தப்பு. தப்பேதான். இதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை என்பதை முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டுவிட வேண்டும், ஏனென்றால் சாப்பாட்டு மணி அடித்ததிலிருந்து இந்த ஒரு விடைத்தாளை எதிரே விரித்துவைத்துக்கொண்டு பச்சைப் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருக்கிறேன், டிபன் பாக்ஸை இன்னும் தொடவில்லை, காந்திமதி காலையில் கட்டிக்கொடுத்த புளியோதரை இந்த ஏப்ரல் வெயிலில் தானாகவே இன்னொரு தடவை வெந்துகொண்டிருக்கும். கேள்வி சாதாரணக் கேள்வி. பத்தாம் வகுப்பு ஆங்கிலம், உரையாடலை நிரப்புக, ஒரு மார்க். அம்மா கேட்கிறாள், கதவைத் தட்டுவது யார் என்று. கோடிட்ட இடத்தில் பிள்ளை பதில் சொல்ல வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தால் மார்க் என்று மேலேயிருந்து அச்சடித்து அனுப்பியிருக்கிற கீயில் ‘இட் இஸ் ஐ’ என்று இருக்கிறது. இந்தப் பிள்ளை ‘இட் இஸ் மீ அம்மா’ என்று எழுதியிருக்கிறது. ‘இஸ்’ என்கிற வினைக்குப் பின்னால் எழுவாயின் வடிவம்தான் வரவேண்டும், ‘மீ’ என்றால் ‘என்னை’, அதற்கு அந்த நாற்காலியில் உட்கார உரிமை கிடையாது, இதை நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து கரும்பலகையில் எழுதி எழுதிச் சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூளாக்கிக்கொண்டிருக்கிறேன். தமிழில்கூட ‘நான்தான்’ என்றுதானே சொல்கிறோம், ‘என்னைத்தான்’ என்று சொல்லிக்கொண்டு எவனாவது கதவைத் தட்டுவானா? சட்டம் தெளிவாக இருக்கிறது. இருந்தும் அந்தப் பதிலுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு சரியும் அதன் பக்கத்தில் ஒரு ‘1’ம் இருக்கின்றன, நடுங்காமல், அவசரப்படாமல், கோயில் தூண்மாதிரி நேராக நிற்கிற ஒரு ‘1’. அது செண்பகவல்லி போட்டது.

செண்பகவல்லி என் மேஜையில் திருத்துகிறவர்களில் எல்லோருக்கும் இளையவள், கோவில்பட்டிப் பக்கம், வேலைக்கு வந்து இன்னும் நிரந்தரமாகவில்லை, விடைத்தாள் திருத்துகிற முகாமில் இது அவளுக்கு முதல் தடவை. நான் இந்த மேஜைக்குச் சீஃப். அவர்கள் சிவப்பில் திருத்துவார்கள், தமயந்தி டீச்சர் கூட்டல் சரிபார்ப்பார், நான் பச்சையில் கையெழுத்துப் போடுவேன். பாஸ் மார்க்கான முப்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிற பேப்பர்கள் மட்டும் கட்டாயம் என் கண்ணில் பட்டே தீரவேண்டும். இந்தப் பேப்பர் மிகச் சரியாக முப்பத்தைந்து. அந்தத் தூண்மாதிரி ‘1’ஐ எடுத்துவிட்டால் முப்பத்துநாலு, பிள்ளை ஃபெயில். அதோடு, கீக்கு விரோதமாக மார்க் போட்டதாகச் செண்பகவல்லியின் பெயரை நான் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். முந்தாநாள் ஒரு கூட்டல் பிழைக்காக அவள் பெயர் ஏற்கெனவே ஒரு தடவை போய்விட்டது, இரண்டாம் தடவை போனால் மெமோ, மெமோ வந்தால் நிரந்தரமாவது எங்கேயோ தள்ளிப்போகும், நின்றுபோனாலும் போகும். எடுக்காமல் விட்டால் கீயை மீறியவன் நான், விளக்கம் எழுத வேண்டியவன் நான். மே மாதக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறவன் விளக்கம் எழுத விரும்பமாட்டான். அதனால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, எப்போதும் இருக்கிறது, அதை நினைத்ததும் பேனா மூடி தானாகத் திறந்துகொள்கிறது: இங்கே ஒன்றை அடித்து, வேறெங்கேயாவது ஒன்றை ஏற்றிவிடுவது. கூட்டல் அதே முப்பத்தைந்து. பிள்ளை பாஸ், அவளுக்கு மெமோ இல்லை, எனக்கு விளக்கம் இல்லை, கீக்குக் காயமில்லை. இவ்வளவு சுலபமான காரியத்துக்கு நான் ஏன் புளியோதரையைக்கூடத் திறக்காமல் இந்த ஆறாங்கிளாஸ் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன் என்றால், காலையில் அவள் பேசிய பேச்சு காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பேச்சை ஆரம்பித்தது என்னவோ ஆசீர்வாதம் சார்தான். சாத்தூர்க்காரர், முகாமுக்கு முகாம் என் மேஜையில் வந்து விழுகிற பழைய ஆள், நாலரை மணி பஸ்ஸைக் குறிவைத்தே காலையில் பேனாவைத் திறக்கிறவர். நான் அந்தப் பேப்பரைத் தூக்கிக் காட்டி, டீச்சர் இது என்ன, கீயைப் பார்க்கவில்லையா என்று கேட்டதும் அவள் பதில் சொல்வதற்குள் இவர் முந்திக்கொண்டார். “தாயி, ஒரு மார்க்குக்கு என்னத்துக்கு இத்தனை பேச்சு? இதை அடி, லெட்டர்ல ஒண்ணு ஏத்து. பிள்ள பாஸு, நீ தப்பிச்ச, நான் பஸ்ஸைப் பிடிச்சுருவேன்.” அவள், “லெட்டர்ல எதுக்கு சார் ஏத்தணும்?” என்றாள். “யுவர்ஸ் லவிங்லின்னு எழுதிருக்கும்ல? அதுக்குப் பக்கத்துல ஒரு கமா இருக்கும்ல? அந்தக் கமாவுக்கு.” “கமா போடல சார்.” “அப்ப நீயே ஒண்ணு போட்டு விடு, சிவப்பாத்தான் இருக்கும், பாவம், குங்குமம்மாதிரி.” தமயந்தி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சீஃப் என்பதால் சிரிக்காமல் வினைச்சொல்லையும் எழுவாயையும் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன், நல்ல பிரசங்கம்தான், உதாரணங்களோடு. அவள் முழுவதையும் கேட்டாள். நடுவில் பேசவில்லை, செல்போனைப் பார்க்கவில்லை, கேட்டுவிட்டு, “விதி தெரியும் சார். நானும் அதையே மனப்பாடம் பண்ணித்தான் பாஸானேன். ஒண்ணு கேக்கலாமா? நீங்க வீட்டுக்குள்ள தனியா இருக்கீங்க. யாரோ கதவைத் தட்டுறாங்க. யாருன்னு கேக்குறீங்க. வெளியே இருந்து ‘இட் இஸ் ஐ’ன்னு குரல் வருது. திறப்பீங்களா?” என்றாள். நான் யோசித்தேன், அதுதான் நான் செய்த தவறு, அந்த இடத்தில் யோசித்திருக்கக் கூடாது, ஆசீர்வாதம் சார் யோசிக்காமல், “நான் போலீஸைக் கூப்பிடுவேன்” என்றார். பக்கத்து மேஜைவரை சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. “இங்கிலீஷ்காரன் வீட்டு வாசல்ல அவன் பிள்ளையே ‘மீ’ன்னுதான் சார் சொல்லுது. அந்த வீட்டுக்காரனே திறந்துவிட்டப்புறம் நாம எந்த வீட்டுக்கு வாட்ச்மேன்?”

எந்த வீட்டுக்கு வாட்ச்மேன். இந்த வாக்கியத்தை நான் எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். என் வயதில் ஒருவன் தன்னைவிட நல்ல வாக்கியத்தைக் கேட்டால் முதலில் எரிச்சல் வரும், அப்புறம் அந்த எரிச்சலுக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குளிர்ச்சி வரும், மண்பானைத் தண்ணீர் தொண்டையில் இறங்குகிறமாதிரி. அந்தக் குளிர்ச்சி இப்போதும் இருக்கிறது, மேலே மின்விசிறி வெந்த காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் கொடுக்கிறது, வேப்பம்பூ வாசனையும் யாரோ திறந்த எலுமிச்சை ஊறுகாய் வாசனையும் கலந்து வருகிறது, இருந்தாலும் குளிர்ச்சி இருக்கிறது. உண்மையைச் சொன்னால் எனக்கு ‘ஐ’யைப் பிடிக்கும். உலகத்தில் வேறெந்த மொழிக்காரனும் ‘நான்’ என்பதை மட்டும் எங்கே வந்தாலும் பெரிய எழுத்தில் எழுதுகிறானா என்று ஒரு காலத்தில் தேடியிருக்கிறேன், அகப்படவில்லை. வாக்கியத்தின் நடுவில்கூடக் கொடிக்கம்பம்மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. ‘மீ’ அப்படியில்லை. அது சின்ன எழுத்து, அது எப்போதும் யாராவது எதையாவது செய்யக் காத்துக்கொண்டு நிற்கிறது: எனக்குக் கொடு, என்னைக் கூப்பிடு, என்னை விட்டுவிடு. கதவுக்கு வெளியே நிற்கிற பிள்ளை கொடிக்கம்பமா? நேரம் தப்பி வந்திருக்கும், செருப்பில் ஒன்று அறுந்திருக்கும், உள்ளே என்ன திட்டு காத்திருக்கிறதோ என்று நின்றிருக்கும், அந்த நிலைமையில் ‘ஐ’ என்று சொல்ல யாருக்கு முதுகெலும்பு உண்டு. பார், நான் அவள் கட்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். போகக் கூடாது. இலக்கணம் பரிதாபத்தைப் பார்க்காது, பார்த்தால் அது இலக்கணமில்லை. என் மகள் கல்யாணப் பத்திரிகையில் ஒருமை பன்மை குழம்பியதென்று கட்டுக்கட்டாகத் திருப்பியனுப்பியவன் நான், அச்சகத்துக்காரர் இன்றைக்கும் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் கறிக்கடைக்குள் நுழைந்துவிடுகிறார், அவர் சுத்த சைவம்.

காந்திமதி கதவைத் திறக்கிறவிதம் ஞாபகத்துக்கு வருகிறது. என் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே அவளுக்குத் தெரியும், ஜன்னல் வழியாக என் தலைகூடத் தெரியும், ஆனாலும் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு “யாரு?” என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பாள். கல்யாணமான புதிதில் எனக்கு இது கோபமாக வந்தது. தெரிந்ததைக் கேட்பது கேள்வியே ஆகாது என்று அவளுக்கு விளக்கினேன். “சும்மா உங்க வாயால கேக்கத்தான்” என்றாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவுக்கு நான் சொன்ன பதிலில் தகவல் என்று எதுவுமே இருந்ததில்லை. நான்தான் என்றால் எந்த நான்? ஊரிலுள்ள எல்லா நானும் நான்தான். குரல்தான் பதில். சொல் வெறும் தட்டு, குரல்தான் அதில் வைத்த சோறு. அப்படியானால் கீயில் எதை அச்சடிப்பார்கள்? குரலையா? இந்த இடத்தில் மனசு கொஞ்சம் வழுக்குகிறது, பிடித்துக்கொள்கிறேன், பேப்பரைப் பார்க்கிறேன், நீல மை, அழுத்தி எழுதுகிற கை, அடுத்த பக்கத்தில் எழுத்துகள் புடைத்துத் தெரிகின்றன. பெயர் இருக்காது, ஊர் இருக்காது, ஆணா பெண்ணா தெரியாது, கிழித்து மறைத்த எண்தான். ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறது. கேள்வியில் ‘மதர்’ என்றுதான் இருக்கிறது. யாரும் கேட்காமலே மாற்றியிருக்கிறது.

பயம் என்பது எனக்கு வயிற்றில் வராது, கணுக்காலில் வரும், ஒரு மாதிரி கூசும். இப்போது கூசுகிறது. ஓய்வு பெறுகிற தேதியன்று ஒருவன்மேல் ஒரு மெமோ நிலுவையில் இருந்தால் அவனை ஓய்வு பெறவே விடமாட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், நிறுத்தி வைப்பார்கள், வேலையும் கிடையாது ஓய்வும் கிடையாது, வராந்தாவில் நிற்கிற மனிதனாக ஆகிவிடுவான். அப்படி நின்ற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், கணக்கு வாத்தியார், ஆபீஸுக்கு வந்து வந்து பைல் எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் கேட்கிற பழக்கம் மட்டும் மிஞ்சிப்போய் வீட்டில் பேரப்பிள்ளைகளிடம் பைல் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைப்போலக் கேட்கமாட்டேன். இலக்கணச் சுத்தமாகக் கேட்பேன். அது இன்னும் மோசம். கேம்ப் ஆபீசர் பொல்லாதவர் இல்லை, ஆனால் அவருக்குக் கீ ஒரு சாமி, கீயில் அச்சுப்பிழை இருந்தால் அந்தப் பிழைக்கும் மார்க் போடச் சொல்கிறவர். அவரிடம் போய், ஐயா, இந்த மேஜையில் ‘மீ’யை ஒத்துக்கொண்டேன் என்றால், எதன் அடிப்படையில் என்பார். எதன் அடிப்படையில்? நானே தப்பு என்று நம்புகிறேன் என்பதுதான் இதில் வேடிக்கை. நம்பிக்கையோடு போய் மாட்டிக்கொள்கிறவனுக்கு ஒரு கம்பீரம் உண்டு. எனக்கு அதுகூட இல்லை.

அதனால் மூன்றாவது வழி. இதில் எனக்கு நல்ல பெயர் உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். முகாமில் இதற்கு ‘மார்க் தேடுறது’ என்று பேர். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்றில் நிற்கிற பேப்பர் வந்தால் சீஃபிடம் தள்ளுவார்கள், சீஃப் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தேடுவார், எங்கேயாவது ஒரு ஓரத்தில், ஒரு பாதி வாக்கியத்தில், சரியாக எழுதிய ஒரு தேதியில் ஒரு மார்க் விழுந்து கிடக்கும், எடுத்துப் போட்டுவிட்டால் எங்கேயோ ஒரு வீட்டில் அன்றைக்கு அழுகை இல்லை. சட்டத்தில் இல்லாதது, எல்லோரும் செய்வது, யாரும் வெளியே பேசாதது. நான் தேடினால் கிடைக்காமல் போனதில்லை. இதைத்தான் அவள் காலையில் முகத்துக்கு நேரே கேட்டாள், கோபமாகக்கூட இல்லை, சந்தேகம் கேட்கிற மாணவிமாதிரி: “சரியா எழுதுன இடத்துல தப்புன்னு போட்டுட்டு, எழுதாத இடத்துல மார்க் குடுக்கிறீங்களே சார், அந்தப் பிள்ளைக்கு இது தெரிஞ்சா உங்களுக்கு நன்றி சொல்லுமா?” ஆசீர்வாதம் சார், “தெரியவா போகுது” என்றார். “எனக்குத் தெரியுமே” என்றாள். அடுத்த பேப்பரை எடுத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். அந்த ‘எனக்குத் தெரியுமே’யில் ஒரு வீம்பும் இல்லை. மழை வருகிறது என்று சொல்வதுபோல இருந்தது. வேலை போனாலும் போகட்டும் என்கிற வசனமெல்லாம் அவள் பேசவில்லை, மெமோவைப் பற்றி அவளுக்குப் பயம் இருக்கிறது, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடிவைத்ததைப் பார்த்தேன். பயந்துகொண்டே அந்த ‘1’ஐ அடிக்காமல் விட்டாள்.

சரி, தேடுகிறேன். முதல் பக்கம், ஒருசொல் விடைகள், போட வேண்டியதைப் போட்டிருக்கிறாள், கூடவும் இல்லை குறையவும் இல்லை. எதிர்ச்சொல்லில் பிள்ளை ஓர் எழுத்தை விட்டிருக்கிறது, விட்ட இடத்தின் கீழே சின்னதாகக் கோடு, மார்க் இல்லை; அடுத்ததில் தப்பான எழுத்தை அடித்துத் திருத்தியிருக்கிறது, மற்றவர்கள் அடித்ததை மட்டும் பார்த்துச் சுழித்திருப்பார்கள், இவள் அடித்ததற்குள் புகுந்து சரியானதைப் பார்த்து மார்க் கொடுத்திருக்கிறாள். செய்யுள் வரிகள்: நாலில் மூன்று வரி சரி, மூன்றுக்கு உண்டானது. கடிதம்: முகவரி இருக்கிறது, அதற்கு அரை, தேதி இருக்கிறது, அதற்கு அரை, விஷயம் இரண்டே வாக்கியம், இரண்டாவது வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை, அதை அவள் வட்டமிட்டிருக்கிறாள், வட்டம்கூடக் குத்துகிற வட்டமில்லை. கமா நிஜமாகவே இல்லை. நான் மெதுவாக நிமிர்ந்து உட்கார்கிறேன். இத்தனை வருஷத்தில் இப்படித் திருத்திய பேப்பர் என் கைக்கு வந்ததில்லை. எங்களுடைய திருத்தலில் எப்போதும் கொஞ்சம் தூக்கம் இருக்கும், கொஞ்சம் பஸ் இருக்கும், கொஞ்சம் தர்மம் இருக்கும். இதில் அந்தப் பிள்ளை மட்டும்தான் இருக்கிறது. அது தெரிந்துவைத்திருப்பதன் அளவுக்கு ஒரு சட்டை தைத்தமாதிரி, தோளில் சுருக்கமில்லை, கையில் நீளமில்லை. விழுந்து கிடக்கிற மார்க் என்று ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் அவளே பொறுக்கி எடுத்து உரிய இடத்தில் வைத்துவிட்டாள்.

கடைசிப் பக்கம் கட்டுரை. அப்பாடா, இங்கே இடமிருக்கிறது. உனக்குப் பிடித்த திருவிழாவைப் பற்றி எழுது என்று கேள்வி. பக்கம் முழுக்க எழுதியிருக்கிறது, செண்பகவல்லி கீழே ஒரு முட்டை போட்டிருக்கிறாள். பக்கம் நிரப்பினால் ஒன்றாவது போடுவது முகாம் வழக்கம், இதைக்கூடவா அவளுக்கு யாரும் சொல்லவில்லை, இந்த முட்டையை ஒன்றாக்கிப் பக்கத்தில் பச்சையில் கையெழுத்து, காரியம் முடிந்தது. பேனாவைத் திறந்துகொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று படிக்கிறேன். பெங்குவின்கள் பனிப் பிரதேசத்தில் வாழ்கின்றன. அவற்றால் பறக்க முடியாது. ஆண் பெங்குவின் முட்டையைத் தன் பாதங்களின்மேல் வைத்து அடைகாக்கிறது. படித்துப் பதில் எழுதுவதற்காகக் கேள்வித்தாளிலேயே கொடுத்திருந்த பத்தி. அதை அப்படியே முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இங்கே இறக்கி வைத்திருக்கிறது. திருவிழாவைப் பற்றிக் கேட்டால் பெங்குவின். எனக்குச் சிரிப்பு வருகிறது, பாதியிலேயே நின்றுவிடுகிறது, ஏனென்றால் அந்தப் பத்தியில் ஒரு பிழை இல்லை. எழுவாயும் பயனிலையும் கைகோத்து நடக்கின்றன, ஒருமை ஒருமையாக, பன்மை பன்மையாக, ஒவ்வொரு கமாவும் தன் வீட்டில். என் ஆயுள் முழுக்க இப்படி ஒரு பத்தியை ஒரு மாணவன் எழுதிவிட மாட்டானா என்றுதான் கரும்பலகையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இதோ எழுதியிருக்கிறது, இலக்கணப்படி குற்றமே சொல்ல முடியாத ஒரு பக்கம், அதில் அந்தப் பிள்ளை எங்கேயும் இல்லை. முட்டையை ஒன்றாக்கினால் நான் மார்க் போடுவது இதற்கு. பக்கங்களைப் பின்னால் புரட்டுகிறேன். கடிதம் மனப்பாடம், செய்யுள் மனப்பாடம், ஒருசொல் விடை ஊகம். இத்தனை தாளில் இந்தப் பிள்ளை தானாக, யாரிடமிருந்தும் எடுக்காமல், தன் வாயால் சொன்ன ஆங்கிலம் ஒரே ஒரு வரி. தட்டியது யார் என்று கேட்டதற்குச் சொன்ன பதில். அதைத்தான் நான் அடிக்க வேண்டும்.

பேனா முட்டைக்கு மேலே நிற்கிறது. கணுக்கால் கூசுகிறது. அடித்துவிட்டு ஏற்றிவிடு, திருமேனிநாதா, ஒரு மாதம்தான், இந்த ஒரு பேப்பர்தான் என்று எனக்குள்ளே ஒரு குரல், நல்ல குரல்தான், என் நன்மைக்காகத்தான் பேசுகிறது, பல வருஷம் இதே குரல்தான் மார்க் தேடிக் கொடுத்தது. முட்டையைத் தொடாமல் பக்கத்தைப் புரட்டி, அந்த ‘1’க்குப் பக்கத்தில், அது தனியாக நிற்கிறதே என்பதுபோல, பச்சையில் என் முழுக் கையெழுத்தைப் போட்டேன். சுருக்கமாக இனிஷியல் போட்டால் போதும் என்பது விதி. முழுசாகப் போட்டேன். போட்டபிறகும் அது தப்பு என்றுதான் தோன்றியது. அந்தத் தப்பை அடிக்கிற கை எனக்கு இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

மணி அடித்தது. டிபன் பாக்ஸை உதறிக்கொண்டு முதலில் ஆசீர்வாதம் சார் வந்தார், பின்னாலேயே தமயந்தி டீச்சர், கடைசியாகச் செண்பகவல்லி, முகத்தைக் கழுவியிருந்தாள், காதோரம் ஈரம். பேப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. நான், “சார், டீச்சர், எல்லாரும் காலையில திருத்தின பேப்பர்க் கட்டைப் பிரிங்க. இந்த மேஜையில ‘மீ’க்கு மார்க் உண்டு. ஒரு பேப்பருக்குக் குடுத்துட்டு மத்த பிள்ளைகளுக்கு இல்லைன்னு சொல்ல முடியாது” என்றேன். முகாமில் கட்டிய கட்டை யாரும் பிரிப்பதில்லை. சீல் வைத்த கிணறுமாதிரி அது. ஆசீர்வாதம் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வெயிலு உச்சியில ஏறிட்டா? ரிட்டயராகப் போற நேரத்துல ஏன்யா சீஃபு இந்த வேலை?” “தெரியல சார்.” “என் பஸ்ஸு?” “அடுத்த பஸ் இருக்கு.” “அடுத்த பஸ்ல சீட்டு இருக்காதுய்யா.” முனகிக்கொண்டே உட்கார்ந்தார், முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தார், பிரித்தார். முதல் பேப்பரிலேயே ஒன்று இருந்தது, அவர் கையால் அடித்தது. அடுத்து இன்னொன்று. எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்று, கண்ணாடியை மேலே தள்ளி, “இந்தா, இதைக் கேளுங்க, ‘மீ ஒன்லி’ன்னு எழுதியிருக்கு. மீ ஒன்லி! நான்தான்! ஏன் தாயி, இதுக்கு எம்புட்டு?” என்றார். செண்பகவல்லி பேப்பரை வாங்கிப் பார்த்தாள். உதடு லேசாகக் கோணியது. “இது தப்பு சார்” என்றாள். “அடிப்பாவி” என்றார் அவர். அவள் அந்தப் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போதே அவருடைய பேப்பர்க் கட்டில் பாதியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்திலாவது அவளும் நானும் ஒரே கட்சி என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்; எனக்கு என்னவோ ‘மீ ஒன்லி’க்காக வாதாட வேண்டும்போல இருந்தது.

“டீச்சர்” என்றேன். நிமிர்ந்தாள். “இன்னும் நான் அதைத் தப்புன்னுதான் சொல்றேன்.” “தெரியும் சார்” என்றாள், “கையெழுத்தை முழுசாப் போட்டிருக்கீங்க, சரின்னு நினைச்சிருந்தா இனிஷியலே போதுமே.” அவ்வளவுதான். ரிப்போர்ட் தாளில், கீயை மீறியவர் பெயரை எழுதுகிற கட்டத்தில் என் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மைதானம் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. கூப்பிட்டபிறகு போகிறவனுக்கும் கூப்பிடுமுன் போகிறவனுக்கும் நடையில் வித்தியாசம் உண்டு, எனக்கு இரண்டாவது நடை பழக்கமில்லை, வேகமாக நடக்கிறேனா மெதுவாக நடக்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை. பதிலைத் தயார் செய்துகொள்ளலாம் என்று பார்த்தால் வாக்கியம் ஒன்றும் முழுசாக வரவில்லை, பெங்குவின்தான் வந்தது, பாதத்தின்மேல் முட்டையை வைத்துக்கொண்டு பனியில் அசையாமல் நிற்கிற ஆண் பெங்குவின், அதற்கு என்ன நம்பிக்கையோ. ஆபீசர் அறையில் அவர் கீயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். ரிப்போர்ட் தாளை மேஜைமேல் வைத்தேன். படித்தார், கட்டத்தில் இருந்த பெயரை இரண்டாம் தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். உட்காரச் சொல்லவில்லை. நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.